வெட்டுப்புள்ளியும் தரம் 6உம்

புலமைப்பரிசில் பெறுபேறு வெளியானதும், 180க்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படங்களைப் பக்கம் பக்கமாக அச்சிட்ட பத்திரிகைக்காரரில் நானும் ஒருவன். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளையும் அந்தப் பக்கத்தைப் பார்க்கும் என்று அப்போது எண்ணவில்லை.

கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், ஏழைக் கிராமத்துப் பிள்ளையை மத்திய மகா வித்தியாலயத்திற்கு அனுப்பவென எழுந்த ஏற்பாடு இது. இன்றோ பத்து வயதுப் பிள்ளையை முன்னிறுத்திப் பெற்றோர் எழுதும் பரீட்சை! 2024 செப்டெம்பர்ப் பரீட்சையின் வினாக்கள் முன்கூட்டியே கசிந்தன. உயர் நீதிமன்றம்வரை சென்ற விவகாரத்தின் முடிவில், மூன்று வினாக்களுக்கு எல்லோருக்கும் புள்ளி வழங்கப்பட்டது. கசியவிட்டவர்கள் பத்து வயதினர் அல்லர்.

கடந்தகால வினாத்தாள்களை விழுங்கவைக்கும் நாம், தரம் 6 எப்படியிருக்கும் என்று பிள்ளைக்குச் சொல்வதுண்டா? நாளின் பெரும்பகுதி ஒரே வகுப்பாசிரியரின் நிழலில் இருந்த பிள்ளை, திடீரெனப் பாடத்திற்கோர் ஆசிரியரைச் சந்திக்கிறது. பெரிய பாடசாலை கிடைத்தால் தூரத்து பஸ், சிலருக்கு விடுதி. தவணை தொடங்குமுன் ஒருநாள் அந்த பஸ்ஸில் பிள்ளையோடு போய்வந்த பெற்றோர் எத்தனை பேர்? ரியூசனுக்கு மட்டும் தவறாமல் கூடப் போனோம்.

ஊர்ப் பாடசாலையிலேயே தரம் 6இற்குப் போகும் பிள்ளையிடம், "உனக்குக் கிடைக்கேல்லையோ?" என்று கேட்கும் மாமாமாரே, அந்தக் கேள்வியை நீங்கள் விழுங்குங்கள்.