நிவாரணப் பட்டியல் யார் கையில்?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. கொரோனா நோய் பரவாமல் தடுப்பதற்கு அத்தகைய கட்டுப்பாடு வேண்டியதாயிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், வீட்டுப் படலையை அடைக்குமாறு கட்டளையிடும் அரசாங்கம், அடைபட்ட வீட்டின் அடுப்பு எரிவதற்கு யாது வழி செய்தது என்று வினவும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. அந்நோய்க்கு 16,000க்கும் மேற்பட்ட உயிர்களை இந்நாடு பறிகொடுத்தது. நோய் தணிந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவ்வினாவுக்கு நேரான விடை கிடைத்தபாடில்லை. அடுத்த கொள்ளைநோய் எமது வாசலுக்கு வருமுன் அதனை மீண்டும் எழுப்புவது எமது கடமையென்று கருதுகின்றோம்.

அன்று ஆபத்து மிக்கவையென்று குறிக்கப்பட்ட ஆறு மாவட்டங்களுள் யாழ்ப்பாணமும் ஒன்று. வாரக்கணக்காக ஊர் முடங்கிக் கிடந்தது. மாதச் சம்பளம் பெறும் உத்தியோகத்தர் வீட்டில் அது ஒரு சங்கடம். நாட்கூலி பெறுவோர் வீட்டிலோ அது பட்டினி. மேசனும் தச்சனும் வேலையிழந்தனர். கள்ளுத் தவறணைகள் மூடப்பட்டதால், பனையேறி வாழும் தொழிலாளி இறக்கிய கள்ளை நிலத்தில் ஊற்ற நேர்ந்தது. வலிகாமத்துச் செம்மண்ணில் பீற்றூட்டும் கோவாவும் தக்காளியும் விளைந்து நின்றன. கொண்டுசெல்ல லொறி இல்லை, வாங்குவதற்குச் சந்தை இல்லை. ஒருபுறம் விளைபொருள் அழுகியது. மறுபுறம் அதே ஊரிற் கறிக்கு வழியின்றிக் குடும்பங்கள் தவித்தன. அவ்வாண்டு ஒக்டோபரிற் பேலியகொடை மீன்சந்தையில் நோய் பரவியபோது வடக்குக் கடலில் வலை வீசியவனின் மீனும் விலையிழந்தது. டிசெம்பரில் மருதனார்மடம் சந்தையும், 2021 மார்ச்சில் திருநெல்வேலிச் சந்தையும் மூடப்பட்டன. ஒவ்வொரு முறையும் முதலில் அடிபட்டவன் கமக்காரனே.

இந்த நெருக்கடியில் எமது ஊர்கள் வாளாவிருக்கவில்லை என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கின்றோம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிளைகள் அரிசியும் மாவும் சீனியும் விநியோகித்தன. சனசமூக நிலையத்து இளைஞர் துவிச்சக்கரவண்டியில் வீடு வீடாகப் பொதி கொண்டுசென்றனர். கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் அன்னதான நிதியை உலர் உணவாக மாற்றிக் கொடுத்தன. பழைய மாணவர் சங்கங்கள் கைகொடுத்தன. இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம்மவர், தாமும் வீட்டுக்குள் அடைபட்டுத் தொழில் குன்றியிருந்த நாட்களில், தம்மால் இயன்றதை அனுப்பினர். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து ஒருவர் சோற்றை ஒருவர் பகிர்ந்துண்டு பழகிய சமுதாயத்துக்கு இது புதிய பாடமன்று.

எனினும், ஒரு கசப்பான உண்மையை மறைப்பது நேர்மையாகாது. வெளிநாட்டில் உறவினர் நிறைந்த ஊருக்கு ஒரு வீட்டுக்கு இரண்டு பொதிகளும் வந்தன. உறவினர் எவரும் கடல் கடந்து செல்லாத குடியேற்றத் திட்டத்துக்கும், ஊரின் ஒதுக்குப்புறத்தில் வாழும் ஏழை மக்களுக்கும் அரைப் பொதியும் எட்டவில்லை. மீள்குடியேறிய கிராமங்களிற் குடும்பத் தலைவிகள் தனித்து நின்றனர். ஐந்து கிலோ அரிசியைக் கொடுப்பதற்குப் பத்துப் பேர் நின்று படம் பிடித்த காட்சியையும் கண்டோம். வாங்குபவரின் தலை குனியும்படி கொடுக்கப்படுவது தருமமாகாது. தருமம் எவ்வளவு பெரிதாயினும் உறவும் அறிமுகமும் உள்ள இடத்துக்கே முதலிற் செல்லும். எல்லார்க்கும் சமமாகச் செல்லவேண்டியது அரசாங்கத்தின் கை. அக்கை எவ்வாறு நீண்டது என்பதை இனிப் பார்ப்போம்.

2020 ஏப்ரிலிலும் மே மாதத்திலும் குடும்பமொன்றுக்கு 5,000 ரூபா வழங்கப்பட்டது. 2021இல் மீண்டும் 5,000 ரூபாவும், அவ்வாண்டு ஓகஸ்ட் மாத முடக்கத்தின்போது 2,000 ரூபாவும் அறிவிக்கப்பட்டன. கொடுத்ததைக் கொடுக்கவில்லையென்று நாம் கூறமாட்டோம். ஆயின், இருவர் வாழும் வீட்டுக்கும் எண்மர் வாழும் வீட்டுக்கும் ஒரே தொகை என்பது எந்தக் கணக்கு? பருப்புக் கிலோ 65 ரூபா, மீன் ரின் 100 ரூபா என்று 2020 மார்ச்சில் விலை விதிக்கப்பட்டது. விலை பத்திரிகையில் இருந்தது; அந்த விலைக்குப் பொருள் கடையில் இருக்கவில்லை. சில வாரங்களில் அந்தக் கட்டளையும் மீளப்பெறப்பட்டது.

யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்த பட்டியலே எல்லாவற்றிலும் முக்கியமானது. கிராம அலுவலரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் பிற உத்தியோகத்தரும் அதனைத் தயாரித்தனர். சமுர்த்திப் பட்டியலில் முன்பே பெயர் உள்ளவர்க்கு வழி இலகுவாயிருந்தது. வாடகை வீட்டில் இருப்பவரும், பதிவு வேறிடத்தில் உள்ளவரும், தோட்டத்து லயத்திலிருந்து கொழும்புக்குச் சென்று வேலையிழந்து திரும்பியவரும் அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்ந்தது. யார் சேர்க்கப்பட்டார், யார் விடப்பட்டார், எக்காரணத்தால் விடப்பட்டார் என்பதை ஊரார் அறியும் வழி இல்லை. நாம் இங்கு கிராம அலுவலரைக் குறை கூறவில்லை. தொற்றுக்கு அஞ்சாது வீதியில் நின்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் குடும்பநல உத்தியோகத்தரையும் போலவே அவரும் இரவு பகல் உழைத்தார். மேலிருந்து மாறி மாறி வந்த சுற்றுநிருபங்களுக்கும் கீழே நின்ற பசித்த மக்களுக்கும் இடையில் அவர் நசுக்கப்பட்டார் என்பதே உண்மை.

அந்நாட்களில் மக்களின் பிரதிநிதிகள் எங்கே இருந்தனர்? 2020 மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஓகஸ்ட் 5ஆம் திகதி தேர்தல் நடைபெற்று, அம்மாதம் 20ஆம் திகதியே புதிய பாராளுமன்றம் கூடியது. நாடு கண்ட பெருந்துன்பத்தின் முதல் ஐந்து மாதங்களும் பொதுப்பணச் செலவைக் கேள்வி கேட்கச் சபை இருக்கவில்லை. தேர்தல் எதிர்நோக்கியிருந்த அவ்வேளையிலேயே நிவாரணப் பணமும் பங்கிடப்பட்டது. மாகாண சபைகளின் நிலையோ இதனினும் பரிதாபம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலும், வடக்கினது 2018 ஒக்டோபரிலும் முடிவுற்றன. தேர்தல் நடத்தப்படவில்லை. நோய் வந்து சேர்ந்தபோது ஒன்பது மாகாணங்களுள் ஒன்றிலேனும் முதலமைச்சர் ஒருவர் இருக்கவில்லை.

இது வெறும் அரசியற் குறையன்று, சட்டத்தோடு தொடர்புடையது. ஆழிப்பேரலை அனர்த்தத்தின் பின்னர் இயற்றப்பட்ட 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், கொள்ளைநோயையும் அனர்த்தமென்றே கொள்கின்றது. அச்சட்டத்தின்படி அமையும் தேசிய சபையில் ஜனாதிபதி, பிரதமர், அமைச்சர்களுடன் எதிர்க்கட்சித் தலைவருக்கும் மாகாண முதலமைச்சர்களுக்கும் இடமுண்டு. கருவி கையில் இருந்தது. அதனை ஒதுக்கிவிட்டு, இராணுவத் தளபதியின் தலைமையில் தேசிய செயற்பாட்டு மையம் ஒன்று நிறுவப்பட்டது. துறைமுகங்களைக் காக்கவும் நோயாளரைப் பிரிக்கவும் வெள்ளையர் ஆட்சி 1897இல் இயற்றிய தனிமைப்படுத்தற் சட்டம் தூசு தட்டி எடுக்கப்பட்டது. அவசரவேளையில் ஒழுங்குள்ள படையின் உதவி வேண்டுமே என்று சிலர் கூறுவர். உதவி வேண்டியதுதான். உதவிக்கு வருவது ஒன்று. தலைமை தாங்குவது வேறொன்று. எந்த வீட்டில் அரிசி தீர்ந்தது என்பதை அறிய முகாம் வேண்டியதில்லை. ஊரவர் வாயைக் கேட்டாற் போதும்.

இந்நாட்டுச் சரித்திரமே இதற்குச் சான்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியா கொள்ளைநோயாகி ஏறக்குறைய 80,000 பேரை மாய்த்தது. கேகாலை, குருநாகல் பகுதிகளில் வரட்சியால் விளைச்சல் பொய்த்து, உண்ண உணவின்றி மெலிந்திருந்த மக்களே பெருந்தொகையாக மாண்டனர். மருந்து மட்டும் போதாது, உணவும் வேண்டும் என்று கண்டுகொண்டு கிராமங்களுக்குள் இறங்கியவர்கள் சூரியமல் இயக்கத்துத் தொண்டர்கள். அத்தொண்டில் மக்கள் மனங்கவர்ந்த என். எம். பெரேரா 1936இல் ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். இரண்டாம் உலகப் போரின்போது உணவுப் பங்கீடு நிகழ்ந்த காலத்தில், ஆயிரக்கணக்கிற் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் தோன்றின. ஊரவரே அங்கத்தவர், ஊரவரே நிருவாகிகள். பங்கீட்டு அட்டையில் தலைக்கு இவ்வளவு என்று எழுதப்பட்டிருந்தது. எவர் தயவையும் நாடவேண்டியதில்லை. எண்பது ஆண்டுகளுக்கு முன் இயன்றது, கணினி உள்ள காலத்தில் ஏன் இயலாது?

கமக்காரனைக் கேட்காமல் முடிவெடுப்பதன் விளைவையும் நாம் கண்டோம். நோய் தணியாதிருந்த 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது பயிர் பிழைக்கும் காலம் கடந்துவிட்டது. ஊருக்குச் சோறிட்டவனே நிவாரண வரிசையில் நிற்கும் நிலை வந்தது.

ஆகவே நாம் வற்புறுத்துவன நான்கு. முதலாவது, ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவின் நிவாரணப் பட்டியலும் பிரதேச சபை அலுவலகத்திலும் கூட்டுறவுக் கடையிலும் பகிரங்கமாக ஒட்டப்படவேண்டும். விடப்பட்டவரின் முறைப்பாடு ஒரு வாரத்துள் விசாரிக்கப்படவேண்டும். இரண்டாவது, உதவித்தொகை வீட்டைக் கொண்டன்றித் தலையை எண்ணிக் கணிக்கப்படவேண்டும். மூன்றாவது, சந்தை மூடப்படும் நாளிலேயே விளைபொருளைக் கூட்டுறவுச் சங்கங்கள் நியாய விலைக்கு வாங்க அரசாங்கம் பணம் ஒதுக்கவேண்டும். எமது தோட்டத்து வெங்காயமும் மரக்கறியும் எமது ஏழையின் பொதியிற் சேர்ந்தால் இரு வீடுகள் பிழைக்கும். நான்காவது, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மக்கள் பிரதிநிதிகளுக்குரிய இடம் அவர்களுக்கே வழங்கப்படவேண்டும். அந்த இடம் வெறுமையாகாதவாறு உரிய காலத்திற் தேர்தல்கள் நடைபெறவேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்பதுடன் எமது கடமை முடிந்துவிடாது. கணக்காளர்களே, உங்கள் ஊர்ச் சங்கத்தின் ஏட்டை ஆண்டுக்கொரு தடவை புரட்டிப் பாருங்கள். சட்டத்தரணிகளே, சுற்றுநிருபத்தை எளிய தமிழில் ஊராருக்கு விளக்குங்கள். மறுக்கப்பட்டவனின் மனுவை எழுதிக்கொடுங்கள். ஆசிரியர்களே, தனித்து வாழும் முதியவரும் ஊனமுற்றவரும் எவ்வெவ்வீட்டில் உள்ளனர் என்ற விபரத்தை நோயற்ற காலத்திலேயே திரட்டி வையுங்கள். கமக்காரர்களே, கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் உங்கள் கதிரை வெறுமையாயிருந்தால், அதில் வேறொருவர் வந்து அமர்வார் என்பதை மறவாதீர்கள். அனுப்பும் உறவினருக்கும் ஒன்று சொல்வோம்: உங்கள் சொந்த ஊருக்கு அனுப்பும் பத்தில் ஒரு பங்கையேனும் உறவற்ற அயலூருக்கு ஒதுக்குங்கள்.

கொள்ளைநோய் மீண்டும் வராது என்று எவரும் உறுதி கூறமுடியாது. வரும்போது பட்டியல் எழுத உட்காருவது பிந்திய வேலை. இன்றே எழுதவேண்டும், ஊரார் கண்முன் எழுதவேண்டும், அதில் ஊரின் கடைசி வீட்டின் பெயரும் இருக்கவேண்டும்.