தட்டு ஏன் திரும்பி வருவதில்லை?

கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி. பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று. செலவு முடிந்ததா? இனிமேல்தான் ஆரம்பம்! ஆடிக்கு அழைத்து மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப்பால். தலை தீபாவளிக்கு அதிரசம், முறுக்கு, கூடவே மோதிரம். பொங்கலுக்கு அரிசி, வெல்லம், கரும்பு, பானை. வளைகாப்புக்குக் கலவை சாதம்.

புது உறவு பருவத்துக்குப் பருவம் கனிவதைச் சாப்பாட்டால் கொண்டாடுகிற அழகான ஏற்பாடுதான். ஆனால், தட்டு எப்போதும் பெண் வீட்டிலிருந்தே கிளம்புகிறதே, ஏன்?

ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பெண் ஆணுக்கு சாக்லேட் தருகிறாள். மார்ச் 14 அன்று ஆண் பதிலுக்குத் தரவேண்டும். மிட்டாய் வியாபாரிகள் 1980 வாக்கில் கிளப்பிவிட்ட சமாச்சாரம்தான். ஆபீஸில் கடனே என்று தருவதற்கு 'கிரி சோகோ' என்று தனிப்பெயர். 'அதை நிறுத்துங்கள்' என்று 2018-ல் கோடிவா சாக்லேட் கம்பெனியே பேப்பரில் விளம்பரம் கொடுத்தது! சாக்லேட் வியாபாரிக்குத் தோன்றியது நம்ம சம்பந்திகளுக்குத் தோன்றவில்லையே!

1961-ம் வருட வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி, வரதட்சணை கேட்பது மட்டுமல்ல, கொடுப்பதும் வாங்குவதும்கூடக் குற்றம். ஆனால், 'நாங்க எதுவும் கேக்கலீங்க, ஊர் வழக்கம்' என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்கலாம். கேட்காமலே கடன் வாங்க வைக்கிற வழக்கத்துக்கு வேறென்ன பெயர்?

பி.காம் முதல் பாடம்: ஒவ்வொரு பற்றுக்கும் சமமாக ஒரு வரவு உண்டு. மாப்பிள்ளைகளே, அடுத்த சீஸனில் பண்ருட்டிப் பலா ஒன்றைத் தோளில் சுமந்து மாமனார் வீட்டுக்குப் போங்கள். சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வாருங்கள். கணக்கு கொஞ்சமாவது நேராகும்.