நிறத்துவேஷம் திசை மாறியதா?

2025-ஆம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி, வாஷிங்டன் நகரையடுத்த டல்லஸ் விமான நிலையத்தில் தென்னாப்பிரிக்க வெள்ளையர் 59 பேர் வந்திறங்கினர். அமெரிக்க சர்க்காரின் உயர்தர அதிகாரிகளே நேரிற் சென்று அவர்களை வரவேற்றனர். வந்தவர்கள் வியாபாரிகளல்லர், யாத்திரிகர்களுமல்லர். அகதிகள் என்ற அந்தஸ்துடன் வந்தவர்கள். அதே வருஷம் ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப் உலகத்து அகதிகள் அனைவருக்கும் கதவைச் சாத்தினார். பிப்ரவரியில் ஓர் உத்தரவு பிறப்பித்து, பெரும்பாலும் டச்சுக் குடியேற்றக்காரர் வழிவந்த ஆப்பிரிக்கானர்களுக்கு மட்டும் அக்கதவைத் திறந்து விட்டார். அவர்கள் தங்கள் சர்க்காராலேயே நிறத்தின் பேரால் ஒடுக்கப்படுகிறார்கள் என்பது அவர் கூறிய காரணம். நிறத்துவேஷம் என்றவுடன் உலகமே எந்தத் தேசத்தைச் சுட்டி வந்ததோ, அதே தேசத்து வெள்ளையர் நிறத்துவேஷத்துக்கு அஞ்சி ஓடிவந்ததாகச் சொல்லப்படுவது காலத்தின் விசித்திரமே.

இதனால் பழைய வழக்கொன்று புத்துயிர் பெற்றிருக்கிறது. அடக்கியாண்ட ஜாதியாரின்மீது அடக்கப்பட்டவர் காட்டும் துவேஷத்தைத் 'தலைகீழ் நிறத்துவேஷம்' என்று சிலர் அழைக்கின்றனர். அப்படியொன்று உண்டா, இல்லையா? ஒரு கட்சியார் சொல்வது இது: துவேஷம் யாரிடம் பிறந்தாலும் துவேஷமே; சட்டம் மனிதனைப் பார்க்க வேண்டுமேயன்றி அவன் தோலைப் பார்க்கலாகாது. மறு கட்சியார் சொல்வது வேறு: நிறத்துவேஷம் வெறும் மனவெறுப்பன்று, நிலம், கூலி, படிப்பு, போலீஸ், கோர்ட்டு யாவும் ஒரு நிறத்தாரின் கைக்குள் அடங்கியிருக்கும் ஆதிக்கமே அது, ஆதிக்கமில்லாதவனிடம் கோபம் இருக்கலாம், நிறத்துவேஷம் இருக்க முடியாது. இவ்விரு வாதங்களிலும் உண்மையுண்டு. இரண்டிலும் மறைப்பும் உண்டு. எது உண்மை, எது மறைப்பு என்பதைப் பிரித்தறிவது அவசியம்.

தென்னாப்பிரிக்கா தமிழருக்கு அந்நியமான ஊரன்று. 1860-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் டர்பன் துறைமுகத்தில் கரைசேர்ந்த முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் சென்னையிலிருந்து சென்றதே. மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து 1913-இல் நடந்த சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்து, நோயுற்று, 1914 பிப்ரவரியில் உயிர்நீத்த வள்ளியம்மையை நாம் மறக்கவில்லை. ஆகவே அந்நாட்டு வெள்ளையராட்சி இன்னதென்பதை நாம் ஏட்டில் மட்டும் படித்தவர்களல்லோம்.

அவ்வாட்சி செய்ததென்ன? ஜனத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினரான கறுப்பருக்கு, 1913-ஆம் வருஷத்து நிலச் சட்டம் தேசத்தின் நிலத்தில் சுமார் 7 சதவிகிதத்தை ஒதுக்கிற்று. 1936-இல் அது சுமார் 13 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. மிச்சத்தில் அவர்கள் நிலம் வாங்குவதே குற்றமாயிற்று. 1948-இல் அபார்த்தைட் ஆட்சி வந்தபின், யார் எந்தத் தெருவில் குடியிருப்பது என்பதை 1950-ஆம் வருஷத்துச் சட்டமும், கறுப்பர் குழந்தை எவ்வளவு படிப்பது என்பதை 1953-ஆம் வருஷத்துச் சட்டமும் தீர்மானித்தன. 1994 ஏப்ரலில் நடந்த தேர்தலில்தான் நெல்ஸன் மண்டேலாவே தம் வாழ்நாளில் முதன்முறையாக வோட்டளித்தார்.

அரசாட்சி மாறிவிட்டது, ஆஸ்தி மாறிற்றா? 2022-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி வெள்ளையர் 7 சதவிகிதத்துக்குச் சற்று அதிகம். ஆனால் தனி நபர்களுக்குச் சொந்தமான விவசாய நிலத்தில் 72 சதவிகிதம் அவர்களிடமே இருப்பதாகவும், கறுப்பரிடம் 4 சதவிகிதமே இருப்பதாகவும் சர்க்காரின் 2017-ஆம் வருஷத்து நிலத் தணிக்கை கூறிற்று. வேலையின்மையோ கறுப்பரில் மூவருக்கொருவரை வாட்டுகிறது; வெள்ளையரில் பத்துக்கொருவரைக்கூட எட்டவில்லை. ஒடுக்கப்படும் ஜாதியாரின் லக்ஷணம் இதுதானா என்று நேயர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இதைச் சீர்செய்யவே அந்நாட்டார் சில சட்டங்களை இயற்றினர். 1998-ஆம் வருஷத்து உத்தியோகச் சமத்துவச் சட்டம் கறுப்பர், கலப்பு வம்சத்தார், இந்தியர் ஆகிய மூவரையும் முன்னேற்றத்துக்குரியவர்களாகக் கொண்டது; நம் தமிழர் சந்ததியாரும் இதிலடங்குவர். 2025 ஜனவரியில் ஜனாதிபதி ராமபோசா கையெழுத்திட்ட நில ஆர்ஜிதச் சட்டமோ, பொதுநலத்துக்காகச் சில குறிப்பிட்ட சந்தர்ப்பங்களில், நியாயமெனக் காணப்பட்டால், நஷ்டஈடின்றியும் சொத்தை எடுக்க இடமளிக்கிறது. அதில் எந்த நிறத்தின் பெயரும் இல்லை. இதையே 'வெள்ளையர் நிலம் பறிபோகிறது' என்று கடல் கடந்து முழங்கினர். வெள்ளையரைக் கூட்டங்கூட்டமாகக் கொல்கிறார்கள் என்றும் கூறினர். வருஷத்துக்கு 25,000-க்கு மேற்பட்ட கொலைகள் நடக்கும் அத்தேசத்தில் பண்ணைக் கொலைகள் அதில் மிகச் சிறு பகுதியே. அவற்றில் மாண்டவர்களிலும் கறுப்பர் உண்டு. வெள்ளையரை அழிக்கும் திட்டமென்பது வெறுங் கற்பனை என்று மேற்குக் கேப் ஐகோர்ட்டு 2025 பிப்ரவரியில் ஒதுக்கித் தள்ளிற்று.

பாகப்பிரிவினை வழக்கு அறியாத குடும்பம் நம் நாட்டில் இல்லை. மூத்தவன் இளையவனை வீட்டைவிட்டு விரட்டி, நஞ்சை புஞ்சை முழுவதையும் தானே அனுபவித்து வந்தான். பின்னொரு நாள் கோர்ட்டு இளையவனுக்குப் பங்கு கொடுக்கும்படி டிக்ரி செய்தது. அப்போது மூத்தவனின் மகன், 'நான் யாரையும் விரட்டவில்லையே. என் கையிலுள்ளதை மட்டும் ஏன் பிடுங்குகிறீர்கள்?' என்கிறான். அவன் விரட்டவில்லை என்பது மெய். ஆனால் அவன் உண்ணும் சோறு எந்த நிலத்தில் விளைந்தது? டிக்ரி அவன்மேல் துவேஷங்கொண்டு எழுந்ததன்று. கணக்குப் பார்த்து எழுந்தது. நிவாரணம் வேறு, துவேஷம் வேறு. 2004-இல் அந்நாட்டு அரசியல் நிர்ணயக் கோர்ட்டும், கடந்தகால அநீதியால் தாழ்ந்தவரை உயர்த்தும் ஏற்பாடு சமத்துவத்துக்கு விலக்கன்று, சமத்துவத்தின் ஓர் அங்கமே என்று தீர்மானித்தது.

இவ்வளவு சொன்னதால் மறு கட்சியாரின் வாதத்தை நாம் முழுதும் ஒப்பியதாக யாரும் கொள்ள வேண்டாம். ஆதிக்கமில்லாதவனிடம் நிறத்துவேஷம் இல்லை என்பார்கள். ஆதிக்கம் என்ன, ஒருவர் வீட்டிலேயே என்றும் குடியிருக்கும் குலதெய்வமா? அது கைமாறும். 1972-இல் உகாண்டாவின் இடி அமீன், பரம்பரையாக அங்கே வாழ்ந்த இந்திய வம்சத்தாரை 90 நாளில் வெளியேறும்படி கட்டளையிட்டார். துப்பாக்கியும் அரசாட்சியும் யார் கையிலிருந்தன? வெள்ளையன் கையிலன்று. அதற்கு முன்னரே, 1949 ஜனவரியில் டர்பன் நகரில் கறுப்பருக்கும் இந்தியருக்கும் மூண்ட கலகத்தில் 142 பேர் மாண்டனர். இரு சாராரையும் ஒருங்கே மிதித்த வெள்ளையராட்சியே அவ்விரோதத்துக்கு உரமிட்டது என்பது மெய். ஆயினும் எரிந்த வீட்டுக்கும் இறந்த பிள்ளைக்கும் அந்த விளக்கம் ஆறுதலாகுமா?

இவ்விஷயத்தில் மிகச் சிறந்த அளவுகோலை நமக்குத் தந்தவர்கள் ஆப்பிரிக்க நீதிபதிகளே. ஜிம்பாப்வே ரொடீஷியா என்றிருந்த காலத்தில், 1930-ஆம் வருஷத்து நிலச் சட்டம் ஒரு கைப்பிடியான வெள்ளையருக்கு நாட்டின் ஏறக்குறையப் பாதி நிலத்தை ஒதுக்கியிருந்தது. அந்த அநீதியைத் திருத்துவதாகச் சொல்லி, 2000-ஆம் வருஷம் முதல் முகாபே சர்க்கார் பண்ணைகளைக் கைப்பற்றத் தொடங்கிற்று. 2005-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, நிலத்தை இழந்தவன் கோர்ட்டுப் படியேறுவதையும் தடுத்தது. வெள்ளை விவசாயிகள் பலர் தென்னாப்பிரிக்கப் பிரதேச ராஜ்யங்களின் பொது நியாயஸ்தலத்தில் வழக்காடினர். 2008 நவம்பரில், ஆப்பிரிக்க ராஜ்யங்களிலிருந்து வந்த அந்நீதிபதிகள், ஒருவர் மட்டும் மாறுபட, இது நிறத்தின் பேரால் செய்த பாரபட்சமே என்று தீர்ப்பளித்தனர்.

தீர்ப்பைவிட, அதனோடு அவர்கள் கூறிய விளக்கமே கவனிக்கத்தக்கது. நிலத்தை எடுப்பதற்கான விதி தன்னிச்சையாயிராமல் நியாயமானதாக இருந்து, தக்க நஷ்டஈடும் கொடுக்கப்பட்டு, எடுத்த நிலம் ஏழைகளுக்கும் நிலமற்றவர்களுக்கும் மெய்யாகவே சேர்ந்திருக்குமானால், இதே காரியம் நிறப் பாரபட்சமாகாது என்றனர். விதி நியாயமானதா? ஈடு கொடுத்தார்களா? பலன் யாருக்குச் சேர்ந்தது? இம்மூன்று கேள்விகளும் இருதரப்புக் கூச்சலையும் அடக்கப் போதுமானவை. ஜிம்பாப்வேயில் சிறு குடியானவர் பலர் நிலம் பெற்றனர் என்பதை மறைக்கலாகாது. ஆனால் நல்ல பண்ணைகள் பல ஆளுங்கட்சிப் பிரமுகர்களின் மடியில் விழுந்தன. அப்பண்ணைகளில் உழைத்த கறுப்புக் கூலியாட்கள் திரள்திரளாகப் பிழைப்பிழந்தனர். இளையவனுக்கென்று எழுதிய டிக்ரியின் பலனை அமீனா வீட்டார் கொண்டுபோன கதைதான் அது. தீர்ப்புக் கூறிய நியாயஸ்தலத்தையோ அப்பிரதேசத்து ராஜ்யத் தலைவர்கள் 2010-இல் முடக்கிவிட்டனர்.

இதே அளவுகோலைத் தென்னாப்பிரிக்காமீது வைத்துப் பார்ப்போம். கோர்ட்டு வாசல் அங்கே திறந்திருக்கிறது. தேர்வில் முதலிடம் பெற்றும் பதவியுயர்வு மறுக்கப்பட்ட ஒரு வெள்ளைப் பெண் போலீஸ் அதிகாரியின் வழக்கு நான்கு கோர்ட்டுகளில் மாறிமாறித் தீர்ப்பாகி, 2014-இல் அவருக்குப் பாதகமாக முடிந்தது. 2016-இல் கலப்பு வம்சத்துச் சிறை உத்தியோகஸ்தர்களின் வழக்கிலோ, மாகாணத்து ஜனத்தொகையைப் பாராமல் தேசம் முழுவதற்கும் ஒரே விகிதத்தைத் திணித்தது தவறென்று அதே அரசியல் நிர்ணயக் கோர்ட்டு சர்க்காரைத் திருத்திற்று. வெள்ளையரை ஹிட்லர் யூதரை நடத்தியதுபோல் நடத்த வேண்டுமென்று எழுதிய ஒரு கறுப்பு சர்க்கார் ஊழியரின் சொல் துவேஷப் பேச்சே என்று 2018-இல் சமத்துவக் கோர்ட்டு தீர்மானித்தது. அதே வருஷத்தில், கறுப்புப் போலீஸ்காரரை இழிசொல்லால் ஏசிய ஒரு வெள்ளைப் பெண்ணுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. துவேஷத்துக்கு நிறமில்லை என்பதை அந்நாட்டுச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்க, அதைப் பேச்சளவிலும் ஒப்ப மறுப்பவர்களின் வாதம் எப்படி நிற்கும்?

முதலிரண்டு கேள்விகளுக்கும் தென்னாப்பிரிக்கா தலைநிமிர்ந்து பதில் சொல்லலாம். மூன்றாவது கேள்விக்குத்தான் அது தலைகுனிய வேண்டியிருக்கிறது. கறுப்பரின் முன்னேற்றத்துக்கென்று வகுத்த பொருளாதாரத் திட்டங்களால் ஒரு சிலர் கோடீசுவரராயினர். குடிசைகளில் வாழ்வோர் குடிசைகளிலேயே இருக்கின்றனர். ஆளுங்கட்சியின் நிழலில் பொதுச் சொத்து எப்படிச் சூறையாடப்பட்டது என்பதை ஜோண்டோ விசாரணைக் கமிஷன் 2022-இல் வெளியிட்ட அறிக்கைகளில் விரிவாகக் காணலாம். இது வெள்ளையனுக்கு இழைத்த அநீதி என்பதைவிட, கறுப்பு ஏழைக்கு இழைத்த துரோகம் என்பதே பொருந்தும். அமெரிக்காவுக்கு விமானமேறியவர்களுக்காகக் கண்ணீர் வடிப்போர் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆக, நம் முடிவு இது. துவேஷம் என்ற அளவில், அது எத்திசையிலும் எழக்கூடும். எழும்போதெல்லாம் அதை அதன் பெயராலேயே அழைக்க வேண்டும். ஓர் ஆட்சிமுறை என்ற அளவில், தென்னாப்பிரிக்காவில் வெள்ளையருக்கெதிரான நிறத்துவேஷம் இன்று இல்லை. இருப்பதாகச் சொல்வது புள்ளிவிவரத்துக்கும் சட்டத்துக்கும் முரணானது. ஆனால் அவ்வாறு ஒருபோதும் ஏற்படாது என்று உறுதி கூற எவராலும் இயலாது. உகாண்டாவும் ஜிம்பாப்வேயும் சாக்ஷி. அபார்த்தைட் கறுப்பனைப் பார்த்து, 'நீ மனிதனிற் குறைந்தவன்' என்றது. நிவாரணச் சட்டம் வெள்ளையனைப் பார்த்து, 'உன் பங்கிற்கு மேல் உன்னிடமிருக்கிறது' என்கிறது. முதலாவது அவமதிப்பு, இரண்டாவது கணக்கு. இவ்விரண்டையும் ஒன்றெனச் சாதிப்பது அநியாயம். கணக்குக் கேட்கும் சாக்கில் அவமதிப்பைப் புகுத்துவதும் அநியாயமே.

1994-க்குப் பின் பிறந்த வெள்ளை இளைஞன் ஒருவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய உத்தியோகம் கிடைக்காமற் போகலாம். அந்த நஷ்டம் மெய்யானது; அதை இல்லையென்று சாதிப்பது யோக்கியமாகாது. 'உன்மேல் குற்றமில்லை, ஆயினும் தேசத்தின் பழங்கடனில் ஒரு பங்கு உன்மேலும் விழுகிறது' என்று அவனிடம் மனந்திறந்து சொல்லும் தைரியம் சர்க்காருக்கு வேண்டும். அவ்விதம் சொல்வதற்கான யோக்கியதை, வசூலித்த கடனை உரியவன் கையில் ஒப்படைக்கும் சர்க்காருக்கே உண்டு.

உரிமைப் போரில் ஈடுபட்டோர் யாவருக்கும் இதில் பாடமுண்டு. பழைய அநீதியைத் திருத்தப் புறப்படுவோர் தங்கள் தராசையும் அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும். தராசு சரியாயிருக்குமானால், தலைகீழ்த் துவேஷம் என்ற கூச்சல் தானே அடங்கிவிடும். தராசு சாய்ந்தாலோ, நேற்றுவரை நியாயம் கேட்டு நின்றவனே நாளை குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டி வரும்.