செவியறியாத விளம்பரம்

நுழையும்முன்

ஒரு வணிகர் தம் பொருளை விற்பதற்கும், ஓர் அரசு தன் மக்களுக்குச் செய்தி சொல்வதற்கும் மொழியே முதற்கருவி. ஒரு மொழியில் எழுந்த செய்தி வேறொரு மொழி பேசுவோரைச் சென்றடைய என்ன தேவை? அகராதியும் இலக்கணமும் போதுமா? ஸ்பானிய மொழியின் விளம்பரத் துறையையும் மக்கள் தொடர்புத் துறையையும் முன்வைத்து இக்கட்டுரை இவ்வினாவை ஆராய்கிறது.

ஒரு மொழி, பல வழக்கு

ஐபீரியத் தீபகற்பத்தின் காஸ்டில் நிலப்பகுதியில் தோன்றிய ஸ்பானியம் இன்று ஏறத்தாழ 50 கோடி மக்களின் தாய்மொழியாக விளங்குகிறது. ஐரோப்பாவில் ஸ்பெயின், அமெரிக்கக் கண்டத்தில் மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரையிலான 18 நாடுகள், ஆப்பிரிக்காவில் எக்குவடோரியல் கினி என 20 நாடுகளில் அது அரசு நடத்தும் மொழியாக இருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 6 கோடியே 20 இலட்சம் பேர் தம்மை ஸ்பானிய, இலத்தீன் அமெரிக்க வழியினராகப் பதிவு செய்துள்ளனர். ஒரு விளம்பரத்தை ஸ்பானியத்தில் எழுதிவிட்டால் இத்தனை மக்களையும் எட்டிவிடலாம் என்று வணிக நிறுவனங்கள் எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் பாதியே உண்மை.

ஸ்பானியத்தின் எழுத்துமுறை எல்லா நாடுகளுக்கும் பொதுவானது. 1713இல் மாட்ரிட் நகரில் தொடங்கப்பெற்ற அரச மொழிக் கழகமும், 1951இல் மெக்சிகோவில் உருவான மொழிக் கழகங்களின் கூட்டமைப்பும் அப்பொதுமையைக் காத்து வருகின்றன. மாட்ரிட்டில் அச்சாகும் நூலை லிமா நகரத்து மாணவர் தடையின்றிப் படிக்க முடியும். ஆனால், தெருவில் இறங்கினால் நிலைமை மாறுகிறது. பேருந்தை மெக்சிகோவில் 'கமியோன்' என்பர். பிற நாடுகள் பலவற்றில் அச்சொல் சரக்குந்தைக் குறிக்கும். கியூபாவில் பேருந்து 'குவாகுவா' எனப்படும். சிலி நாட்டிலோ 'குவாகுவா' என்பது கைக்குழந்தை. கணினி ஸ்பெயினில் 'ஓர்தெனதோர்', மெக்சிகோவில் 'கொம்புத்தாதோரா'. எனவே, விளம்பரம் எழுதுவோர்க்கு மொழியறிவோடு அம்மொழி வழங்கும் ஊரின் அறிவும் வேண்டும்.

கண்ணும் செவியும்

வணிகவியல் வகுப்புகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கதை ஒன்று உண்டு. செவ்ரோலே நிறுவனத்தின் 'நோவா' என்னும் மகிழுந்து இலத்தீன் அமெரிக்க நாடுகளில் விற்பனையாகவில்லை. காரணம், ஸ்பானியத்தில் 'நோ வா' என்றால் 'ஓடாது' என்று பொருள் என்பதே அக்கதை. கேட்பதற்குச் சுவையான இக்கதை உண்மையன்று. அம்மகிழுந்து மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்பனையானது. மெக்சிகோ அரசின் பெமெக்ஸ் எண்ணெய் நிறுவனம் 'நோவா' என்னும் பெயரிலேயே பெட்ரோல் விற்றது. 'நோவா' என்னும் சொல்லில் முதல் அசை அழுத்தம் பெறும். 'நோ வா' என்னும் தொடரில் இறுதிச் சொல் அழுத்தம் பெறும். இரண்டையும் ஸ்பானியர் செவி எளிதில் வேறுபடுத்தி அறியும். எழுத்தை மட்டும் பார்த்தவர்களே இக்கதையைப் படைத்துப் பரப்பினர்.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. 1987இல் அமெரிக்காவின் பிரானிஃப் விமான நிறுவனம் தன் விமானங்களில் உள்ள தோல் இருக்கைகளின் சிறப்பைச் சொல்லும் விளம்பரத்தை ஸ்பானியத்தில் வெளியிட்டது. அதில் 'தோலில் பறந்திடுக' என்னும் பொருள்பட 'என் குவேரோ' என்ற தொடர் இடம்பெற்றது. எழுத்தில் பிழையில்லை. ஆனால், 'என் குவேரோஸ்' என்பது ஆடையின்றி இருத்தலைக் குறிக்கும் மரபுத்தொடர். கியூப வழியினர் மிகுதியாக வாழும் மயாமி நகரத்துப் பேச்சிலோ சொல்லின் இறுதியில் வரும் 'ஸ்' ஒலி பெரும்பாலும் தேய்ந்து மறையும். கேட்டவர்களுக்கு அவ்விரண்டு தொடர்களும் ஒன்றாகவே ஒலித்தன. பெருமைக்கு உரியதாக எண்ணி எழுதிய வாசகம் நகைப்புக்கு இடமாயிற்று.

முதல் நிகழ்வில் கண் கண்ட பிழையைச் செவி மறுத்தது. இரண்டாம் நிகழ்வில் கண் காணாத பிழையைச் செவி கண்டது. வாய்விட்டுப் படித்துக் கேளாத விளம்பரம் பாதி எழுதப்பட்ட விளம்பரமே என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகளாகும்.

விளிக்கும் முறை

தமிழில் நீ, நீங்கள் என்னும் வேறுபாடு இருப்பது போலவே ஸ்பானியத்திலும் நெருக்கத்தைக் காட்டும் 'தூ', மதிப்பைக் காட்டும் 'உஸ்தேத்' என இரு முன்னிலைச் சொற்கள் உள்ளன. 'தங்கள் அருள்' என்னும் பொருள்தரும் பழந்தொடர் சுருங்கியே 'உஸ்தேத்' ஆயிற்று. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் 'தூ' என்பதன் இடத்தில் 'வோஸ்' வழங்குகிறது. கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் குடும்பத்தாரிடமும் நண்பரிடமும்கூட 'உஸ்தேத்' என்று பேசுவோர் பலர். ஆகவே, எந்தச் சொல்லால் விளிப்பது என்பது விளம்பரத்தின் முதல் முடிவாகிறது. பொருளின் சிறப்பைச் சொல்வதற்கு முன்பே, கேட்பவரை நிறுவனம் எவ்வாறு மதிக்கிறது என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது.

கலிபோர்னியப் பால் பதப்படுத்துவோர் வாரியத்தின் விளம்பரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1993இல் அவ்வாரியம் 'பால் இருக்கிறதா?' என்று இரண்டே சொற்களில் வினவும் ஆங்கில விளம்பரத்தை வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றது. வீட்டில் பால் தீர்ந்துபோனவர் படும் பாட்டை நகைச்சுவையாகக் காட்டுவதே அதன் உத்தி. அவ்வினாவைச் சொல்லுக்குச் சொல் ஸ்பானியத்தில் பெயர்த்தால், தாய்ப்பால் சுரக்கிறதா என்று ஒரு பெண்ணிடம் கேட்பது போன்ற பொருளைத் தந்தது. வெனிசுவேலாவில் பிறந்த விளம்பர வல்லுநர் அனிதா சாந்தியாகோ மற்றொரு குறையையும் கண்டார். குழந்தைகளுக்குக் கொடுக்கப் பாலில்லாத நிலை இலத்தீன் அமெரிக்கக் குடும்பங்களில் சிரிப்பதற்கு உரியதன்று. தாய்க்கு அது மனவருத்தம் தருவது. எனவே, அவர் மொழிபெயர்ப்பைக் கைவிட்டார். பாட்டியும் தாயும் பால் சேர்த்து மரபுவழி உணவு சமைக்கும் காட்சிகளை அமைத்து, 'நீங்கள் இன்று அவர்களுக்குப் போதிய பால் கொடுத்தீர்களா?' என்று 'உஸ்தேத்' சொல்லால் மதிப்புடன் வினவும் வாசகத்தை வழங்கினார். பொருள் அதே பால்தான். பேசும் முறையே மாறியது.

மதிப்புச் சொல்தான் எங்கும் பொருந்தும் என்பதில்லை. ஸ்பெயினில் ஐக்கியா என்னும் அறைகலன் நிறுவனம், வீட்டை ஒவ்வொருவரின் தன்னாட்சிக் குடியரசாக உருவகித்து, 'தூ' முறையில் நட்புடன் விளித்து வரவேற்பு பெற்றது. எங்கு எது பொருந்தும் என்பதை இலக்கண நூல் சொல்லாது. அவ்வூர் மக்களின் பேச்சைக் காதால் கேட்டே அறிதல் வேண்டும்.

எழுத்தின் பொறுப்பு

பேச்சை அறிதல் இன்றியமையாதது என்பதால் எழுத்தை எளிதாகக் கருதிவிடலாகாது. ஸ்பானிய எழுத்தில் சிறு குறிகளும் பொருளைத் தாங்குகின்றன. 'பப்பா' என்னும் சொல்லின் இறுதி எழுத்தின்மேல் சாய்கோடு இட்டால் தந்தை. இடாவிட்டால் அமெரிக்க நாடுகளில் உருளைக்கிழங்கு. ஆண்டு என்று பொருள்படும் 'அஞ்ஞோ' என்னும் சொல்லில் எழுத்தின் மேலுள்ள சிறு நெளிகோடு விடுபட்டால், அவையில் சொல்லத்தகாத சொல்லாகிவிடும். வினாத்தொடரின் தொடக்கத்திலும் தலைகீழான வினாக்குறி இட வேண்டும் என்பது 1754 முதல் மொழிக் கழகத்தின் விதி. விளம்பரப் பலகையிலோ அரசு அறிவிப்பிலோ இக்குறிகளைப் பொருட்படுத்தாமல் விடுபவர், படிப்பவரின் மொழியையே பொருட்படுத்தாதவராகக் கருதப்படுவார்.

மக்களுக்கு விளங்காத சொற்களை அழகுக்காகச் சேர்ப்பதும் இத்தகைய குறையே. 2016இல் ஸ்பெயினின் அரச மொழிக் கழகமும் விளம்பரக் கழகமும் இணைந்து ஒரு விழிப்புணர்வு முயற்சியை மேற்கொண்டன. 'ஸ்வைன்' என்னும் ஆங்கிலப் பெயரில் நறுமணப் பொருள் ஒன்று விற்பனைக்கு வருவதாகக் கவர்ச்சியான விளம்பரம் வெளியிடப்பட்டது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பன்றி என்பது பொருள். பொருளறியாமல் மாதிரி கேட்டு விண்ணப்பித்தோர்க்குப் பன்றி நாற்றம் வீசும் மாதிரியே வந்து சேர்ந்தது. விளங்காத சொல்லை நம்பிப் பொருள் வாங்குவோர் எதை வாங்குகிறார் என்பதையே அறியார் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த இயலாது.

உயிர் காக்கும் செய்தி

வணிக விளம்பரம் பிழைத்தால் பணம் இழப்பாகும். நகைப்பும் சில நாள்களில் மறையும். பொது அறிவிப்பு பிழைத்தாலோ இழப்பு வேறுவகைப்பட்டது. 2021 சனவரியில், கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கிய நாள்களில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில நலவாழ்வுத் துறையின் இணையதளம் தடுப்பூசி கட்டாயமில்லை என்று ஆங்கிலத்தில் அறிவித்திருந்தது. கணினி மொழிபெயர்ப்பு அதனை ஸ்பானியத்தில் 'தடுப்பூசி தேவையில்லை' என மாற்றித் தந்தது. கட்டாயமில்லை என்பதற்கும் தேவையில்லை என்பதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. முதல் தொடர் மக்களின் உரிமையைச் சொல்கிறது. இரண்டாம் தொடர் மருந்தின் பயனையே மறுக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் அரசின் சொல்லை நம்பிப் படித்தவர் எந்த முடிவுக்கு வந்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்பானியம் பேசும் ஒருவர் அத்தொடரை ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால் பிழை அப்பொழுதே புலப்பட்டிருக்கும்.

மறுப்பும் விடையும்

ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விளம்பரம் எழுதுவது பெருஞ்செலவு என்பர் சிலர். எந்த ஊரின் சாயலும் இல்லாத பொது ஸ்பானியம் ஒன்று தொலைக்காட்சியிலும் திரைப்படக் குரல்மாற்றத்திலும் பயன்படுகிறது. அதுவே போதும் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இயந்திரங்களின் பயன்பாட்டுக் குறிப்பு, செய்தியறிக்கை ஆகியவற்றுக்குப் பொதுமொழி ஏற்றது. ஒரு நாட்டின் கொச்சைச் சொற்களை வெளியார் வலிந்து பேசினால் செயற்கையாக ஒலிக்கும் என்பதும் உண்மையே. ஆயினும், பொதுமொழி குற்றமற்றதாக இருக்குமேயன்றி உறவை உண்டாக்காது. விளம்பரமும் மக்கள் தொடர்பும் உறவை நாடுபவை. எல்லார்க்கும் பொதுவாகப் பேசப்படும் சொல்லை எவரும் தமக்கென்று எடுத்துக்கொள்வதில்லை.

கணினி மொழிபெயர்ப்பு நாள்தோறும் வளர்கிறது என்பது மற்றொரு வாதம். கணினி விரைந்து உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால், தொடரை யார் கேட்கப் போகிறார், கேட்டதும் என்ன நினைப்பார் என்பதற்குப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். வர்ஜீனியாவில் இல்லாமற்போனது அப்பொறுப்பே.

ஆகவே, விளம்பரத்துக்கும் மக்கள் தொடர்புக்கும் ஸ்பானியம் கற்பிப்போர் பேச்சையும் எழுத்தையும் இருவேறு பாடங்களாகப் பிரிக்காமல் ஒன்றாகக் கற்பித்தல் வேண்டும். மாணவர் எழுதும் ஒவ்வொரு வாசகத்தையும் உரக்கப் படிக்கச் செய்தல், அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர் ஒருவரிடம் காட்டி அவர் புரிந்துகொண்டதைத் திரும்பச் சொல்லக் கேட்டல், பின்பே வெளியிடுதல் என்னும் மூன்று பழக்கங்களும் தேவை. இவற்றுக்கு ஆகும் பொழுது சிறிது. இவற்றால் தவிரும் பிழைகள் பல. மேடை அறிவிப்பு எழுதினாலும், கடையின் பெயர்ப்பலகை எழுதினாலும், பிற மொழியிலிருந்து ஒரு செய்தியைத் தம் மக்களுக்குக் கொண்டு வந்தாலும், எழுதுவோர் இப்பழக்கங்களைக் கைக்கொள்வது நன்று. பிறர் மொழியில் அவரிடம் பேச விரும்புவோர் முதலில் அவர் பேசுவதைக் கேட்கக் கற்றல் வேண்டும்.