மலையும் மதிலும்

மலைத்தொடர் ஒன்றை ஒரே சித்திரத்தில் அடக்க ஆசைப்படுகிறவர்கள், காமிராவைச் சிறிது சிறிதாகத் திருப்பி நாலைந்து படங்கள் பிடித்து, பிறகு அவற்றை ஒட்டிப் பார்க்கிறார்கள். தூரத்துச் சிகரங்கள் ஒழுங்காகவே பொருந்துகின்றன. அருகிலுள்ள வேலிக் கம்பமோ இரண்டாகத் தெரிகிறது. அல்லது பாதி காணாமற் போகிறது. உடனே பழி லென்ஸின் தலையில் விழுகிறது. குற்றம் லென்ஸினுடையதன்று, அதைத் திருப்பிய அச்சினுடையது.

நேயர்கள் இதை வீட்டிலேயே பரீட்சித்துக்கொள்ளலாம். ஜன்னலருகே நின்று ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வெளியே உள்ள தென்னை மரத்தை ஒரு ஜன்னல் கம்பி மறைக்கட்டும். பார்வையை அங்கேயே வைத்துத் தலையை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். மரம் கம்பிக்குப் பின்னாலிருந்து நழுவி வெளிவரும். தலை சுழல்வது கழுத்தின்மேல். கண்ணோ அதற்குச் சில அங்குலம் முன்னால் இருப்பதால், தலை திரும்பும்போது இடம் பெயர்ந்துவிடுகிறது.

காமிராவும் அப்படியே. ஸ்டாண்டின் திருகாணி பெட்டியின் அடியில் இருக்கிறது. ஒளி புகும் துவாரம் பெரும்பாலும் அதற்கு முன்னால் இருக்கிறது. லென்ஸை முன்புறமிருந்து நோக்கினால், அத்துவாரம் உள்ளே எந்த ஆழத்தில் தோன்றுகிறதோ, அந்த இடமே சுழலும் அச்சின் நேர்மேலே நிற்க வேண்டும். பெட்டியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தினால் போதும். ஸ்டாண்டும் சமமட்டமாக நிற்க வேண்டும். இல்லாவிடில் அடிவானம் அலைபோல் நெளியும்.

இவ்வளவும் செய்தாலும், சுழன்று எடுத்த படத்தில் நேரான மதில் நடுவே பருத்து, ஓரங்களில் ஒடுங்கி, வில்லாக வளையும். அதனால்தான் சுழல் காமிராவின் முன் பெருங்கூட்டத்தை நிறுத்துகிறவர்கள் நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுவார்கள். படத்தில் வரிசை நேராக விழும்! கண்ணை ஏமாற்றிக் கண்ணைத் திருப்தி செய்யும் வேலை.

காமிராவைத் திருப்பவே கூடாத இடமும் உண்டு. சென்னை சர்க்காரின் படப்பிடிப்பாளராயிருந்த லின்னியஸ் ட்ரைப், 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுக்களைப் படமெடுத்தார். ஒரே இடத்தில் நின்று சுழற்றியிருந்தால் எதிரேயுள்ள எழுத்துக்கள் பெரிதாகவும், தள்ளியிருப்பவை எறும்பாகவும் விழுந்திருக்கும். அவர் காமிராவையே நகர்த்திக்கொண்டு போனார்; 21 படங்களைச் சேர்த்து ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி. கல்வெட்டுச் சுவரில் அருகு, தூரம் என்ற பேதம் சொற்பம். ஆகையால் அங்கே இது செல்லும். மலைக் காட்சியில் செல்லாது.

ட்ரைப்பின் படத்திலுள்ள தோற்றத்தைத் தஞ்சையில் எந்த இடத்தில் நின்றும் ஒருசேரக் காண முடியாது. எழுத்தைப் படிக்க விரும்புகிறவருக்கு அது குறையன்று. கோயிலின் வடிவை அறிய விரும்புகிறவர் வேறு படத்தைத்தான் தேட வேண்டும்.