தாமார் அழுத வீடு



2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தின்மேல் பிரசங்கம் கேட்ட ஞாபகம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? ராஜகுமாரத்தியாகிய தாமாரை அவளுடைய சகோதரனாகிய அம்னோனே வியாதிக்காரனைப்போல் நடித்து வரவழைத்துக் கெடுத்துப்போட்டான். கூடப்பிறந்த அப்சலோமோ அவளை மௌனமாயிருக்கச் சொன்னான். தாவீது மிகவும் கோபங்கொண்டார். ஆனால் மகனை விசாரித்ததாக ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. இரண்டு வருஷம் அந்த வீடு வாய்திறவாமல் இருந்தது. பின்பு ஆட்டுமயிர் கத்தரிக்கும் விருந்தில் அம்னோன் கொல்லப்பட்டான். அப்சலோம் கேசூருக்கு ஓடிப்போய், திரும்பிவந்து, தகப்பனுக்கே விரோதமாய்க் கலகம் செய்து, கர்வாலி மரத்தில் தொங்கியபடி மாண்டான். தாமார் அண்ணன் வீட்டில் தனித்துக் கிடந்தாள். தன் மகளுக்கு அப்சலோம் அவள் பெயரையே இட்டான் என்று அடுத்த அதிகாரத்தில் வாசிக்கிறோம். மறக்கவில்லை, பேசவுமில்லை.

கடந்த வருஷம் தாராவியில் எங்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திற்கு ஒரு சகோதரி வந்துகொண்டிருந்தார். தீராத தலைவலி, நித்திரையின்மை, ஜெபவேளையில் மயங்கி விழுதல். அசுத்த ஆவியின் கிரியை என்றெண்ணி ஏழு மாதம் கைகளை வைத்து ஜெபித்தோம். பத்து வயது மகன் படுக்கையை நனைக்கிறான் என்றபோது எண்ணெய் ஜெபித்துக் கொடுத்தோம். வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒருநாள் அவர்கள் அறைக்குப் போனபோது வயதான மாமியார் முழங்கையைச் சேலையால் மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். கீழே விழுந்துவிட்டதாகச் சொன்னார். மருமகள் தண்ணீர் பிடிக்கப் போனபின் மறுபடி கேட்டேன். "மகன்தான் குடித்துவிட்டுத் தள்ளினான், பாஸ்டரம்மா. இவன் அப்பா என்னை அடிக்கும்போது இவன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்" என்றார். மருமகளுக்கும் தினமும் அடி. பையனோ தன் தங்கையை அடிக்கத் தொடங்கிவிட்டான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மூன்று தலைமுறை.

இது குடிசைக்கு மட்டும் உரிய வியாதி அல்ல. 1990-களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், பெரும்பாலும் வசதியான 17,000-க்கும் மேற்பட்டோரிடம் மருத்துவர்கள் சிறுவயது அனுபவங்களை விசாரித்தார்கள். தாய் அடிபடுவதைக் கண்டதும் அக்கேள்விகளில் ஒன்று. 1998-இல் வெளியான முடிவின்படி, நான்கு வகையான அல்லது அதற்கு மேற்பட்ட துன்பங்களைச் சிறுவயதில் கண்டவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் அப்படி எதையும் காணாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகமாயிருந்தது. ஆனாலும் அடிபட்ட பிள்ளைகள் எல்லாரும் அடிக்கிறவர்களாய் மாறுவதில்லை. நம்பத்தக்க ஒரு பெரியவர் அருகில் இருந்தால் அநேகர் தப்புகிறார்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இதைக் கவனிப்பார்களாக.

நாம் விட்டுவந்த தமிழ்நாட்டில், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். தேசிய அளவில் அது 29. நம் சபைப் பாய்களில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு ஜனம் என்று நான் நம்பவில்லை. எபேசியர் 5-இல் மனைவிகளுக்குரிய வசனத்தை மனப்பாடமாய் அறிந்த நம் சகோதரர்கள், கணவன்மாருக்குரிய நீண்ட பகுதியை ஏனோ வேகமாய்க் கடந்துவிடுகிறார்கள்.

ஜெபம் வேண்டாமென்று சொல்லுகிறவள் அல்ல நான். ஜெபித்த கையோடு கேளுங்கள் என்கிறேன். தனிமையில் கேளுங்கள், கணவன் முன்னிலையிலோ சாட்சி வேளையிலோ வேண்டாம். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் பண்ணி அனுப்பினால், அன்றிரவு அடி இரட்டிப்பாகும். பாந்த்ரா பாபா மருத்துவமனையில் 2000-ஆம் ஆண்டில் 'திலாசா' என்னும் உதவி மையம் தொடங்கப்பட்டது. பின்னர் மாநகராட்சியின் வேறு மருத்துவமனைகளுக்கும் அது விரிந்தது. காயத்திற்கு மருந்திடும் இடத்திலேயே ஆலோசனையும் சட்ட உதவியும் கிடைக்கும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டுமல்ல, ஒரே வீட்டில் வாழும் தாய்க்கும் சகோதரிக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. கடைசி எண்ணில் தமிழிலும் பேசலாம். பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததை அறிந்தவர், போதகரானாலும், காவல்துறைக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். சபையின் பெயர் கெடும் என்று மூடிவைக்க நமக்கு அதிகாரமில்லை.

அந்தச் சகோதரி இப்போது ஆலோசனைக்குப் போகிறார், மயக்கம் குறைந்திருக்கிறது. கணவர் குடிமறப்பு மையத்திற்கு இரண்டு தடவை போய் நின்றுவிட்டார். பாட்டி இளைய மகள் வீட்டில் இருக்கிறார். பையன் ஆராதனையில் என் பக்கத்தில் உட்காருகிறான். துதிவேளையில் நாங்கள் கரங்களை உயர்த்தும்போது அவன் இன்னும் தலையைக் குனிந்துகொள்ளுகிறான்.