'தகுதி' என்னும் பழைய சல்லடை

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு தேநீர்க் கடை. பக்கத்தில் இருந்தவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "தமிழ்நாட்டுல ஏழைகளே ரெண்டு சதவீதந்தான்னு டெல்லிக்காரனே சொல்றான். அப்புறம் எதுக்குத் தம்பி ஒரு கோடியே முப்பது லட்சம் பொம்பளைகளுக்கு மாசம் ஆயிரம் ரூபா?"

அவர் சொன்ன எண்கள் பொய்யல்ல. 2019-21 கணக்கெடுப்பை வைத்து நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட அறிக்கை, தமிழ்நாட்டில் பல்பரிமாண வறுமையில் இருப்போர் 2.20 சதவீதம் என்கிறது. மறுபக்கம், கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பேருக்குக் கிடைத்தது. 2025 டிசம்பரில் அது 1 கோடியே 30 லட்சம் ஆனது. வறுமை குறைகிறது, பயனாளிகள் கூடுகிறார்கள். அப்படியானால் யாரோ ஏமாற்றுகிறார்கள். வாட்ஸ்அப்பிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஓடுகிற வாதம் இதுதான்.

தோழர்களே, இந்த வாதத்தின் அடிப்படையே கோணல். பயனாளிகளின் எண்ணிக்கை வறுமையை அளப்பதில்லை. அரசு கையில் வைத்திருக்கும் சல்லடையின் கண் எவ்வளவு பெரியது என்பதைத்தான் அது அளக்கிறது.

2023-ஐயே பாருங்கள். விண்ணப்பித்தவர்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர். 56 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தள்ளப்பட்டார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். நவம்பர் மாதமே 7.35 லட்சம் பேர் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். செப்டம்பரில் 'தகுதி இல்லாத' அந்தப் பெண்கள் இரண்டே மாதத்தில் ஏழைகளாகிவிட்டார்களா? அதே வீடு, அதே கூலி, அதே கடன். மாறியது அவர்கள் வாழ்க்கை அல்ல, அதிகாரி போட்ட குறிதான். 2025-இல் விதிகளைத் தளர்த்தியதும் இன்னும் 17 லட்சம் பேர் வந்தார்கள். சல்லடையைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் இத்தனை பேர் என்றால், இரண்டு ஆண்டுகள் அது யாரை வெளியே நிறுத்தி வைத்திருந்தது?

நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் சின்னம்மா வீட்டைச் சொல்கிறேன். விடியுமுன் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகிறவர். இரண்டு மருமகள்களுக்கும் அதே வேலைதான். மகன்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஆனால் காலனியில் இருப்பது மூன்று சென்ட் மனை, ஒரு தொகுப்பு வீடு. மூன்று குடும்பம், ஒரே ரேஷன் அட்டை. உரிமைத் தொகையோ அட்டைக்கு ஒருவருக்குத்தான். தனி அட்டை கேட்டுப் போனால் முதல் கேள்வி: "தனிச் சமையலறை இருக்கிறதா?" மூன்று அடுப்பு மூட்ட இடமிருந்தால் அவர்கள் ஏன் ஒரே கூரையின் கீழ் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கப் போகிறார்கள்?

இப்போது ஊர்த்தெருவுக்குப் போங்கள். அங்கே அண்ணன் தம்பிகளுக்குப் பாகம் பிரிக்க நிலம் இருந்தது. வீடு மூன்றானது, அட்டையும் மூன்றானது. அவரவர் வருமானம் வரம்புக்குள் இருந்தால் மூன்று வீட்டுக்கும் தொகை உண்டு. அந்தப் பெண்களுக்குக் கிடைப்பதில் நமக்கு வருத்தமில்லை, கிடைக்க வேண்டியதுதான். ஆனால் விதியில் 'சாதி' என்ற சொல்லே இல்லாமல் சேரிக்கு ஒன்றும் ஊருக்கு மூன்றும் போய்ச் சேருகிறதே, இதற்குப் பெயர் என்ன? மனை மறுக்கப்பட்ட வரலாறு, ரேஷன் அட்டை வழியாக மறுபடி வேலை செய்கிறது.

இன்னொரு விதி: கார், டிராக்டர் போன்ற நான்கு சக்கர வாகனம் இருந்தால் தொகை கிடையாது. வசதியானவர்களை விலக்க வைத்த விதி என்றார்கள். தாட்கோ மானியத்தில் கடன் வாங்கி, தவணை கட்டி வண்டி ஓட்டுகிறானே ஒரு காலனிப் பையன், அவன் அம்மாவும் இந்த விதியில் மாட்டக்கூடியவர்தான். ஒரு கையால் மானியம் கொடுத்துவிட்டு, அதைக் காட்டியே மறு கையால் தொகையை மறுப்பதற்கு இடம் வைத்திருந்தார்கள். அரசு மானியத்தில் வாங்கிய வாகனத்துக்கு விலக்கு வந்தது 2025-இல்தான்.

தேநீர்க் கடைக்காரர் சொன்ன அந்த 2.20 சதவீதத்துக்கும் வருவோம். நிதி ஆயோக் குறியீடு வீட்டில் மின்சாரம் இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்றெல்லாம் கேட்கிறது. இன்றைக்குக் கூலி என்ன, அது கைக்கு வந்ததா என்று கேட்பதில்லை. நம் சின்னம்மாவுக்கு மின் இணைப்பும் வங்கிக் கணக்கும் உண்டு. பூ வரத்து இல்லாத மாதத்தில் அந்தக் கணக்கில் என்ன இருக்கிறது என்பதுதான் அவர் கேள்வி.

'தகுதி' என்ற சொல் நமக்குப் புதிதா என்ன? இடஒதுக்கீடு கேட்டபோது "தகுதி, திறமை என்னாவது" என்றார்கள். இன்று ஆயிரம் ரூபாய் கேட்டால் "தகுதி வாய்ந்த குடும்பத் தலைவிகளுக்கு மட்டும்" என்கிறார்கள். 2021 தேர்தலில் குடும்பத் தலைவிகளுக்கு என்று மட்டும் இருந்த வாக்குறுதியில் 2023 நிதிநிலை அறிக்கை இந்தச் சொல்லைச் செருகியது. அங்கே மேலே வரத் தகுதி இல்லை என்று தடுத்தார்கள். இங்கே போதுமான அளவு கீழே இல்லை என்று தடுக்கிறார்கள்.

ஏழை என்பதற்கான அளவுகோலிலும் சாதி இருக்கிறது. உரிமைத் தொகைக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 2019-இல் பட்டியல் சாதி மாணவரின் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைக்கும் வரம்பு 2.5 லட்சம்தான். அதே 2019-இல்தான் ஒன்றிய அரசு, பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோரை வெளியே நிறுத்திவிட்டு, மற்ற சாதியாரில் 'பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு' 10 சதவீத இடஒதுக்கீடு தந்தது. அவர்களுக்கு வரம்பு 8 லட்சம்! 2022 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றமும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த ஒதுக்கீட்டைச் செல்லும் என்றது. மாதம் 66 ஆயிரம் வருகிற வீட்டுப் பிள்ளை நலிந்தவர். மாதம் 21 ஆயிரத்தைத் தொட்டுவிட்ட சேரிக் குடும்பம் வசதியானது. சல்லடை ஒன்றல்ல தோழர்களே, சாதிக்கொரு சல்லடை.

டெல்லியின் கதையும் இதுதான். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 81 கோடி என்ற எண்ணிக்கை 2011 மக்கள்தொகையை வைத்து முடிவானது. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பை எடுக்கவில்லை. மக்கள்தொகை கூடியது, எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. இது வறுமை ஒழிப்பா, கதவடைப்பா?

"பணக்காரன் பொண்டாட்டிக்கும் ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொல்கிறாயா?" என்று கேட்பார்கள். பதில் நம் ஊரிலேயே ஓடுகிறது. திண்டுக்கல்லில் இருந்து புறப்படும் நகரப் பேருந்தில் எந்தப் பெண்ணிடமும் 2021 முதல் கட்டணமும் கேட்பதில்லை, வருமானமும் கேட்பதில்லை. மில் முதலாளி வீட்டு அம்மா அதில் ஏறத் தடையில்லை. அவர் ஏறுவதில்லை, அவ்வளவுதான். வேடசந்தூர் நூற்பாலைக்குப் போகிற பெண் ஏறுகிறார், யாரிடமும் தன் வறுமையை நிரூபிக்காமல். 1997-இல் ஒன்றிய அரசு ரேஷனில் சல்லடை போட்டபோது தமிழ்நாடு ஏற்க மறுத்தது. இன்றும் அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டை வாங்கிக்கொள்கிறார். விலகிக்கொள்ளும் வேலையை இருப்பவரிடம் விடுங்கள். நிரூபிக்கும் வேலையை இல்லாதவர் தலையில் கட்டாதீர்கள்.

பணம் ஏது என்கிறார்கள். 1.30 கோடிப் பெண்களுக்கு ஆண்டுக்கு ஆவது சுமார் 15,600 கோடி. 2019 செப்டம்பரில் பெருநிறுவன வரியைக் குறைத்தபோது ஒன்றிய நிதியமைச்சரே சொன்ன ஆண்டு இழப்பு 1.45 லட்சம் கோடி. அதற்கு யாரும் 'இலவசம்' என்று பெயர் வைக்கவில்லை.

தமிழ்நாடு அரசு இதற்கு 'உதவி' என்று பெயரிடாமல் 'உரிமை' என்று பெயரிட்டது சரியான முடிவு. அந்தப் பெயருக்கு உண்மையாக இருக்கட்டும். அட்டைக்கு ஒருவர் என்பதை எடுத்துவிட்டு, வயது வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் கொடுக்கட்டும். அதுவரை, மறுக்கப்பட்டவர்களின் விவரத்தை மாவட்ட வாரியாக, சாதி வாரியாக வெளியிடட்டும். பயனாளிகள் எத்தனை என்ற எண்ணிக்கையை விளம்பரப் பலகையில் பார்த்துவிட்டோம். தள்ளப்பட்டவர்கள் யார், எந்தத் தெரு என்ற எண்ணிக்கையைக் காட்டுங்கள்.

அந்தப் பட்டியல் வந்தால் தேநீர்க் கடைக்காரரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று அவரே படித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.